எலிக்குப் பிபிஏ கொடுத்துப் புரதம் பார்த்தால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

தேவகோட்டைப் பக்கத்து எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆண் எலிகளுக்குப் பிஸ்பீனால் ஏ (பிபிஏ) கொடுத்து, கல்லீரலிலும் விந்தகத்திலும் புரோட்டியோமிக்ஸ் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என் கைடு. காரைக்குடியில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார்களே, அது நம் ஹார்மோனைக் கெடுக்கிறது என்று இந்த ஆய்வை வைத்து நிரூபித்துவிடலாமா?" புரோட்டியோமிக்ஸ் என்றால் ஒரு திசுவில் இருக்கும் புரதங்களை ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சாக அளப்பது. பார்க்க ஒரு கேள்வி போல இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. புரதங்களைப் பார்த்தே ஹார்மோன் கலைந்திருப்பதைச் சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால், கலைத்தது நாம் கொடுத்த ரசாயனம்தான் என்று எப்படி உறுதி? எலிக்கு நடந்தது சாம்பார் வாங்குகிறவருக்கும் நடக்குமா? முதலாவது முடியும், எந்தப் புரதம் என்பதைப் பொறுத்து. இரண்டாவதற்கான பதில் உங்கள் எலி அறையில் இருக்கிறது. மூன்றாவதற்கு உங்கள் ஆய்வு மட்டும் போதாது.

சாம்பார்ப் பையை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அந்த மெல்லிய பை பெரும்பாலும் பாலிஎத்திலீன். பிபிஏ பாலிகார்பனேட்டுக்கும் எப்பாக்சிப் பூச்சுக்கும் மூலப்பொருள். கெட்டியான கண்ணாடி போன்ற பழைய தண்ணீர் கேன், தகர டப்பாவின் உள்பூச்சு, மெஷினிலிருந்து வரும் பளபளப்பான பில் காகிதம், இங்கெல்லாம் அதற்கு வேலை உண்டு. சூட்டிலும் எண்ணெயிலும் பாலிஎத்திலீன் பையிலிருந்து வேறு சேர்மானங்கள் இறங்கலாம், அது தனிக் கதை. ஆகவே எலிக்குப் பிபிஏ கொடுத்துச் சாம்பார்ப் பையின்மேல் கேஸ் போட முடியாது.

நான் இருபது வருடம் எலி அறைக்கும், புரதங்களை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அறைக்கும் நடுவே நடந்தவன். இப்போது கோட்டையூரில் இருக்கிறேன். மருத்துவன் இல்லை. யாருக்கு என்ன கோளாறு, என்ன சாப்பிடலாம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எலியில் புரதம் பார்க்கும் வேலையைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும்.

புரதத்தை ஏன் பார்க்கிறோம் என்பதை நம் ஊர் வீட்டை வைத்தே சொல்கிறேன். பெரிய வீட்டில் இரண்டாம் கட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டிய அறைகளில் அண்டா, தவலை, மரவை, பீங்கான், மங்கு என்று ஆயிரம் சாமான் கிடக்கும். சாமான் கணக்கு நோட்டில் எல்லாம் எழுதியிருக்கும். நோட்டைப் படித்தால் அந்த வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று தெரியும், இன்றைக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. அதற்கு வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், எட்டிப் பார்த்து, எந்தச் சாமான் வெளியே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மரபணு அந்த நோட்டு. புரதம் வளவில் இருக்கும் சாமான். நடுவில் ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டு, ஆச்சி சாவியைக் கொடுத்து "இதை எடுத்து வா" என்று சொல்லி அனுப்புகிற சொல். சொல்லி அனுப்பியதெல்லாம் வந்து சேர்வதில்லை. ஆர்.என்.ஏ. அளவும் புரத அளவும் சுமாராகத்தான் ஒத்துப்போகும். ஒரு புரதத்தின்மேல் பாஸ்பேட் ஒட்டியதா, அது பாதியில் வெட்டுப்பட்டதா என்பதெல்லாம் ஆர்.என்.ஏ.வில் தெரியவே தெரியாது. சில ஹார்மோன் வேலைகள் நிமிடக் கணக்கில் அந்த பாஸ்பேட் வழியாகவே நடந்து முடிந்துவிடும். அதனால்தான் புரதத்தையே தேடிப் போகிறோம்.

ஹார்மோன் சொன்னால் மட்டும் வெளியே வரும் புரதங்கள் உண்டா என்றால், உண்டு. நம் வீட்டுச் சுவர்களைச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோமே, அந்த வெள்ளைக்கருவில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின் என்ற ஒன்றுதான். கோழியின் முட்டைக் குழாய் அதைச் செய்வது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் உத்தரவில்தான். மஞ்சள் கருவும் அப்படியே. அதற்கான மூலப்புரதம் விட்டெல்லோஜெனின், கல்லீரலில் உருவாகி ரத்தம் வழியாக முட்டைக்குப் போகிறது. சேவலின் கல்லீரலிலும் அந்த மரபணு இருக்கிறது, ஆனால் சும்மா கிடக்கும். சேவலுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அதுவும் விட்டெல்லோஜெனின் செய்யத் தொடங்கும். மீனிலும் இதே கதை. 1990களில் இங்கிலாந்தில் கழிவுநீர் நிலையங்களுக்குக் கீழே ஆற்றில் இருந்த ஆண் மீன்களின் ரத்தத்தில் இந்த முட்டைப் புரதத்தைக் கண்டார்கள். ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பொருள் தண்ணீரில் இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் மீனில் விட்டெல்லோஜெனின் அளப்பது, ரசாயனச் சோதனை முறைகளை வகுக்கும் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் வழிமுறைகளில் ஒன்று. இது நம் கல்யாணத்தில் கட்டும் கழுத்துரு என்ற பெரிய தாலி மாதிரி. கழுத்துரு பெட்டியை விட்டு வெளியே வந்தால் கல்யாணம், இல்லையென்றால் அறுபதாம் கல்யாணம். மூன்றாவது காரணம் அபூர்வம்.

சிக்கல் என்னவென்றால் உங்கள் கையில் இருப்பது எலி. எலிக்கு விட்டெல்லோஜெனினே கிடையாது. எலி முட்டையிடாது, நம்மைப் போலக் குட்டி போடும் சாதி. அப்படியானால் எலியில் கழுத்துரு எது? பெண் எலியின் கருப்பையில் காம்ப்ளிமென்ட் சி3 என்ற புரதம் ஈஸ்ட்ரோஜனுக்கு ஏறும். சுண்டெலியில் அந்த இடத்தில் லாக்டோஃபெரின். பெயர் பார்த்து ஏமாறாதீர்கள், ஒன்றின் அடையாளம் மற்றதற்கு அப்படியே ஒத்துவராது. மனிதருக்கு வாய் வழியாக ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கல்லீரல் அதிகம் செய்யும் பாலின ஹார்மோன் பிணைப்புப் புரதத்தை வளர்ந்த எலியின் கல்லீரலில் தேடிப் பயனில்லை, அது அங்கே உருவாவதில்லை.

ஆண் எலிக்கென்று ஒன்று இருக்கிறது, உங்கள் வேலைக்கு அதுதான் முக்கியம்: ஆல்ஃபா-2யூ குளோபுலின். வளர்ந்த ஆண் எலியின் கல்லீரல் இதை ஏராளமாகச் செய்து சிறுநீரில் விடும். ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் இருந்தால் ஏறும், ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் விழும். பெண் எலியின் கல்லீரலில் அனேகமாக இல்லை. ஹார்மோன் கலைந்ததா என்று பார்க்க இதைவிட வசதியான புரதம் கிடைப்பது கடினம், தனியாகப் பிரித்தெடுக்காமலே, புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தடித்த பட்டையாக நிற்கும். ஆனால் இதே புரதம் ஒரு பொறியும்கூட. எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் டி-லிமோனின், பெட்ரோல் ஆவி போன்றவை இந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஆண் எலியின் சிறுநீரகத்தில் தேங்கி, புண்ணாக்கி, கட்டி வரை கொண்டுபோகும். மனிதருக்கு அந்தப் புரதமே கிடையாது. அதனால் 1991இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்த வழியில் மட்டும் வந்த ஆண் எலிச் சிறுநீரகக் கட்டிகளை மனிதருக்கான ஆபத்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஒரே புரதம், ஹார்மோன் கேள்விக்கு நல்ல சாட்சி, சிறுநீரகக் கேள்விக்குத் தப்பான சாட்சி.

அப்புறம் அண்டாக்கள். உங்கள் முடிவுப் பட்டியலில் ஈனோலேஸ், வெப்ப அதிர்ச்சிப் புரதம் 27, பெராக்ஸிரிடாக்ஸின் மாதிரிப் பெயர்கள் நிச்சயம் வரும். வந்ததும் "பிபிஏ ஆற்றல் வளர்சிதை மாற்றத்தைப் பாதிக்கிறது" என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். 2008இல் ஒரு குழு, முன்பு வெளிவந்த பல ஜெல் ஆய்வுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தது. எந்தத் திசு, எந்த நோய், எந்த மருந்து என்ற வித்தியாசமே இல்லாமல் இந்தப் புரதங்கள்தான் மறுபடி மறுபடி "மாறியவை" பட்டியலில் உட்கார்ந்திருந்தன. கல்யாணத்துக்கும் அண்டா வெளியே வரும், கருமாதிக்கும் அண்டா வெளியே வரும். வளவில் அண்டாவைப் பார்த்தால் வீட்டில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்பது உறுதி, எதற்குக் கூடினார்கள் என்பது தெரியாது. அதே போல செல் தொந்தரவில் இருக்கிறது என்று எழுதலாம், ஹார்மோன் கலைந்தது என்று அதை வைத்து எழுத முடியாது.

கருவிக்கு எது கண்ணில் படும் என்பதிலும் ஒரு அளவு இருக்கிறது. ரத்த நீரில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஆல்புமின், மில்லிலிட்டருக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராம். நாம் தேடும் சில சிக்னல் புரதங்களோ பிகோகிராம் கணக்கு, ஆயிரம் கோடி மடங்கு குறைவு. ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே கல்லீரல் சாறு முழுவதிலும் போட்டுத் தேடினால் அனேகமாகக் கிடைக்காது. சரி, ஒரு புரதத்தில் மட்டும் ஒட்ட வேண்டிய ஆன்டிபாடியை வைத்து அதைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட் பார்ப்போம் என்றால் அங்கேயும் கவனம் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒரு வகையான பீட்டாவுக்கு விற்கும் ஆன்டிபாடிகளைச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் ஒன்றைத் தவிர மற்றவை நம்பத்தக்கவையாக இல்லை. பழைய கட்டுரைகளில் பீட்டா ஏறியது, இறங்கியது என்று படித்தால் எந்த ஆன்டிபாடி என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது கருவி பற்றி. உண்மையில் வேலை கெடுவது கருவியில் இல்லை, எலி அறையில்தான். 1993இல் ஸ்டான்ஃபோர்டில், ஈஸ்ட் ஈஸ்ட்ரோஜன் செய்கிறது என்று நினைத்துத் துரத்திக்கொண்டு போனவர்கள், கடைசியில் அது ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொதிகலனில் வைத்த பாலிகார்பனேட் குடுவையிலிருந்து கசிந்த பிபிஏ என்று கண்டார்கள். 1998இல் அமெரிக்காவில் பாட்ரீஷியா ஹன்ட் வேறு எதற்கோ சுண்டெலி முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கொடுக்காத கன்ட்ரோல் சுண்டெலிகளின் முட்டைகளில் குரோமோசோம் கோளாறு 1, 2 சதவீதத்திலிருந்து திடீரென்று 40 சதவீதமாக ஏறியது. பாலிகார்பனேட் கூண்டையும் தண்ணீர்ப் பாட்டிலையும் யாரோ தரை கழுவும் காரத்தில் கழுவியிருந்தார்கள். 2003இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது, பிபிஏ பேச்சே அதன் பிறகுதான் சூடு பிடித்தது. நீங்கள் ஊசியில் கொடுக்கும் பொருளைக் கூண்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் உங்கள் கன்ட்ரோல் எங்கே கன்ட்ரோல்?

தீவனமும் அப்படித்தான். எலித் தீவனத்தில் சோயா போடுவார்கள், மலிவான புரதம். சோயாவில் ஜெனிஸ்டீனும் டெய்ட்ஸீனும் இருக்கின்றன, இரண்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் ஒட்டும். மூட்டைக்கு மூட்டை அளவு மாறும். பெண் எலி எடுத்திருந்தால் இன்னொரு தலைவலி. நாலைந்து நாளுக்கு ஒரு சுழற்சி, அதில் ஈஸ்ட்ரோஜன் தானாகவே ஏறி இறங்கும். தினமும் காலையில் யோனியில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்போம். நியூக்ளியஸ் உள்ள உருண்டைச் செல்கள் கும்பலாக இருந்தால் ஒரு கட்டம், நொறுங்கிய அப்பளம் போல நியூக்ளியஸ் இல்லாத சருகுகள் இருந்தால் அடுத்த கட்டம், வெள்ளணுக்கள் மொய்த்தால் இன்னொன்று. அதைப் பார்க்காமல் அறுத்தால் உங்கள் "பிபிஏ விளைவு" வெறும் செவ்வாய்க்கிழமை விளைவாக இருக்கும். ஆண் எலி எடுத்ததால் அது தப்பியது. ஆனால் ஒரே கூண்டில் ரவுடி எலி ஒன்று மற்றதை அடக்கிக்கொண்டிருந்தால் டெஸ்டோஸ்டிரோன் மாறும், அறுக்கும் நேரம் காலையா மாலையா என்பதில் கல்லீரல் புரதமே மாறும்.

எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் எங்கள் குழுவில் கல்லீரல் பட்டியல் ஒன்று வந்தது, மருந்து கொடுத்த எலிகளில் முப்பத்தொரு புரதம் ஏறியிருந்தது. மேலே ஹீமோகுளோபின் ஆல்ஃபா, பீட்டா, அதற்குக் கீழே ஆல்புமின். ஆக்சிஜன் கடத்தல் பாதிப்பு என்று படமே வரைந்துவிட்டோம். ஒரு பெண் மட்டும் சந்தேகப்பட்டு அறுவை நோட்டைப் புரட்டினாள். கல்லீரலை எடுப்பதற்கு முன் போர்ட்டல் ரத்தக்குழாயில் ஊசி போட்டு உப்புநீரை விடுவோம். சரியாகப் போனால் கருஞ்சிவப்பு ஈரல் சில நொடிகளில் பால் டீ நிறத்துக்கு வெளிறும். காலையில் கன்ட்ரோல் எலிகளைக் கைபழகியவர் கழுவியிருந்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் மருந்து எலிகளைப் புதிதாக வந்த பையன் கழுவியிருந்தான். ஊசி சரியாக இறங்கவில்லை, ஈரல் திட்டுத்திட்டாகச் சிவப்பாகவே இருந்தது என்று அவனே நேர்மையாக எழுதி வைத்திருக்கிறான். நாங்கள் அளந்தது ரத்தத்தை. நாலு மாத வேலை போயிற்று. அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கன்ட்ரோலையும் மருந்து எலியையும் கலந்து வரிசை போடாதது எங்கள் தப்பு.

எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு. 3,000 புரதம் அளந்து, புள்ளியியலின் p மதிப்பு 0.05க்குக் கீழே வந்ததையெல்லாம் மாறியது என்று எடுத்தால், ஒன்றுமே மாறாத வீட்டிலும் 150 புரதம் மாறியதாக வரும். அதற்குத் திருத்தம் செய்யாத பட்டியலை நான் படிப்பதே இல்லை. சினை எலிக்குக் கொடுத்துக் குட்டிகளைப் பார்க்கும் திட்டம் என்றால் ஒரு தாயின் பத்துக் குட்டிகள் பத்து மாதிரிகள் ஆகாது, ஒன்றுதான். இரண்டு தாய்களின் இருபது குட்டிகளை வைத்து எண்ணிக்கை இருபது என்று எழுதிய தீசிஸ்களை நானே பார்த்திருக்கிறேன்.

எலியிலிருந்து மனிதருக்குத் தாண்டும் இடம்தான் மூன்றாவது கேள்வி. பிபிஏ உள்ளே போனதும் கல்லீரல் அதோடு குளுகுரோனிக் அமிலத்தைக் கோத்துச் செயலிழக்கச் செய்கிறது. அப்படிக் கோத்த மூலக்கூறின் எடை சுமார் 404. எலி அதைப் பித்தநீரில் குடலுக்கு அனுப்பும். அங்கே கட்டு அவிழ்ந்து பிபிஏ மறுபடி ரத்தத்துக்குத் திரும்பும், சுற்றிச் சுற்றி வரும். மனிதரில் பித்தநீர் வழியாகப் போக இன்னும் கனமான மூலக்கூறாக இருக்க வேண்டும், அதனால் சிறுநீரில் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். கொடுத்த அளவு ஒன்றே என்றாலும் உடம்பு பார்த்த அளவு ஒன்றில்லை. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட்டுகளிலும் இப்படி ஒரு பாடம் உண்டு. கருவில் இருக்கும் ஆண் எலியின் விந்தகத்தில் அவை டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். 2012இல் இரண்டு குழுக்கள் மனிதக் கருவின் விந்தகத் திசுவை விலங்கின் உடம்பில் ஒட்டி வளர்த்துப் பார்த்தபோது அந்தக் குறைவு தெரியவில்லை. அதனால் தாலேட் பரிசுத்தம் என்று ஆகிவிடாது, எலி சொன்னதை அப்படியே நகலெடுக்கக் கூடாது என்றுதான் ஆகும்.

பெரியவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் கிளாரிட்டி-பிபிஏ என்ற பெரிய ஆய்வில் எலிகளுக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2.5 மைக்ரோகிராம் முதல் 25,000 மைக்ரோகிராம் வரை கொடுத்தார்கள். கூண்டு, தண்ணீர்ப் பாட்டில், தீவனம் எல்லாவற்றையும் முன்னெச்சரிக்கையாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2018இல் வந்த மைய அறிக்கை பெரிதாக ஒன்றுமில்லை என்றது. அதே எலிகளின் உறுப்புகளை வாங்கிப் பார்த்த சில பல்கலைக்கழகக் குழுக்கள் குறைந்த அளவிலேயே மாற்றம் இருக்கிறது என்றன. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்கத்தக்க அளவை, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல் 200 நானோகிராம் என்றது. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு. பிபிஏ ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்பது 1930களிலேயே தெரிந்த சங்கதி. எந்த அளவில், எந்த வயதில், யாருக்குக் கெடுதல் என்பதில்தான் சண்டை.

அதனால் நீங்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்று சொல்ல வரவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் மூன்றாவதாக ஒரு எலிக் கூட்டம் கேட்பேன், எத்தினில் ஈஸ்ட்ராடியால் கொடுப்பதற்கு. தெரிந்த ஈஸ்ட்ரோஜனுக்கே உங்கள் எலி அசையவில்லை என்றால் பிபிஏவுக்கு அசையாததில் பொருளில்லை. ஸ்ப்ராக்-டாலி இன எலிகளில் சில வகைகள் ஈஸ்ட்ரோஜனுக்கு மந்தமானவை, எந்த இனம் என்று தீசிஸில் எழுதுங்கள். எலி எண்ணிக்கையை விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கும்போதே இந்தக் கூட்டத்தையும் சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் இழுபறி. டெஸ்டோஸ்டிரோன், அதைச் செய்யச் சொல்லி விந்தகத்தைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன், உறுப்பு எடை, திசுப் படம் எல்லாம் அதே எலியில் எடுங்கள். புரதம் மட்டும் மாறி ஹார்மோனோ திசுவோ அசையாமல் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். முதல் பட்டியலில் வந்த நாலைந்து புரதங்களை வேறு எலிகளில், அந்தப் புரதத்தை மட்டும் குறிவைத்து அளக்கும் முறையில், மறுபடி பாருங்கள். ஆல்ஃபா-2யூ அதில் ஒன்றாக இருக்கட்டும். கடைசியில் "இந்த அளவு பிபிஏவை இத்தனை நாள் கொடுத்தபோது இந்த இன ஆண் எலியின் கல்லீரலில் ஆண்ட்ரோஜன் சொல் கேட்கும் புரதம் குறைந்தது" என்று ஒரு வரி எழுத முடிந்தால் அது எம்.எஸ்சி.க்கு நல்ல வேலை.

நாளைக்கு எலி அறைக்குப் போனதும் கூண்டின் அடியில் முக்கோணத்துக்குள் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 7 என்றால் பாலிகார்பனேட்டாக இருக்க வாய்ப்பு அதிகம், தண்ணீர்ப் பாட்டிலையும் சேர்த்துப் பாருங்கள். தீவன மூட்டையில் தைத்திருக்கும் சீட்டில் சோயா இருக்கிறதா என்று படித்து, இரண்டையும் போட்டோ எடுத்துக் கைடிடம் காட்டுங்கள். அவர் பதில் சொல்லும்வரை முதல் எலியைத் தொட வேண்டாம்.